மலையேறிய மருந்தும் மலையிறங்கும் முதியோரும்

தோற்றுவாய்

நெடுங்காலம் வாழவேண்டுமென்று விரும்பாதார் ஒருவருமிலர். முதுமையெய்த வேண்டுமென்று விரும்புவாரும் ஒருவருமிலர். ஆயினும் முன்னதை விரும்பினார்க்குப் பின்னது கேளாமலே வந்து சேரும். ஆதலின் முதியோரைப் பற்றிய ஆராய்ச்சி பிறரைப் பற்றியதன்று, நம்மைப் பற்றியதேயாம். நாற்பதும் ஐம்பதும் கடந்து நிற்கும் நாம் இன்று நம் பெற்றோர்க்கு எவ்வழியை வகுக்கின்றோமோ, அவ்வழியே நாளை நம் மக்கள் நம்மையும் நடத்துவர்.

சென்ற பொதுக்கூட்டத்தில் அன்பர் சிலர், நம்மவருள் ஆதரவற்ற முதியோர்க்கென ஓர் இல்லம் அமைத்தல் வேண்டுமென்றும், அதனைக் குளிர்ந்த காற்றும் தூய நீரும் வாய்ந்த கொடைக்கானலிலேயே அமைத்தல் தகுமென்றும் எடுத்துரைத்தனர். கூட்டத்தார் பெரிதும் மகிழ்ந்து கைதட்டினர். யாமும் கைதட்டினோம். வீடு திரும்பிய பின்னரோ எம் உள்ளத்தே ஓர் ஐயம் எழுந்தது. நல்ல காற்றும் நல்ல கட்டடமும் அமைந்துவிட்டால் முதியோர் காப்பாற்றப்பட்டவராவரோ? இவ்வினாவிற்குப் பழனி மலையின் வரலாறே தக்க விடை பகருமென எமக்குத் தோன்றியது. அதனை ஆராய்ந்து கண்டவற்றை அன்பர்கள் திருமுன் வைக்கின்றோம்.

தாழியும் கல்திட்டையும்

பழனி மலைத்தொடர் மேற்குத் தொடர்ச்சி மலையினின்று கிழக்கு நோக்கிப் பிரிந்து நிற்பது. அதன் மேற்பகுதியில் கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர் முதலிய ஊர்களும், கீழ்ப்பகுதியில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய ஊர்களும், வடவடிவாரத்தில் தண்டாயுதபாணி எழுந்தருளிய பழனிப் பதியும் உள்ளன. மலையின்மேல் பல இடங்களில் கற்பலகைகளை நிறுத்தி மூடுகல் ஏற்றிய கல்திட்டைகள் இன்றும் காணப்படும். இவற்றை ஆங்லேட், நியூட்டன் என்னும் பாதிரிமார் இருவர் அளந்தறிந்து எழுதிய நூலை இந்தியத் தொல்பொருள் துறையார் 1928-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பின்னாளில் பேராசிரியர் கா. இராசன் தாண்டிக்குடியில் அகழாய்வு நிகழ்த்தினார்.

இத்தகைய ஈமச் சின்னங்களைக் காணுந்தோறும் நம் பாட்டிமார் கூறும் கதையொன்று உண்டு. முற்காலத்தில் மனிதர் மிக நெடுநாள் வாழ்ந்து, உடல் சுருங்கி, இறவாமலும் எழமாட்டாமலும் கிடந்தனராம். அன்னாரைத் தாழியொன்றில் அமர்த்தி, உணவும் நீரும் விளக்கும் உடன் வைத்து, மண்ணில் இறக்கி மூடிவிட்டனராம். அதனாலேயே 'முதுமக்கள் தாழி' என்னும் பெயர் வந்ததென்பர். இஃது உண்மையன்று. தாழிகளிலும் கல்லறைகளிலும் கிடைப்பன இறந்தோருடைய என்புகளே; அவற்றுள் இளையோர், குழந்தைகள் ஆகியோருடையனவும் உண்டு. ஆதலின் தாழி இறந்தோர்க்குச் செய்த சிறப்பேயன்றி, இருந்தோர்க்குச் செய்த கொடுமையன்று.

கதை பொய்யாயினும் அதனுள் உறையும் அச்சம் பொய்யன்று. உணவு உண்டு, விளக்கு உண்டு, பேசுவார் மட்டும் இல்லை என்னும் நிலைக்கு முதியோர் ஒருநாள் தள்ளப்படுவர் என்பதே அவ்வச்சம். அவ்வச்சத்தை நீக்குதற்கு நம் முன்னோர் ஒருவழியைத் தேடினர். பழனியை நினைப்பார் போகரையும் நினைப்பர். சித்தர் மரபினர் நரையும் திரையும் அணுகாது உடலை நிலைநிறுத்தும் காயகற்பத்தை நாடினர். அம்முயற்சியின் பெருமையை யாம் குறைத்துரையோம். ஆனால் முதுமையை வாராது தடுக்க முயல்வது வேறு. வந்துவிட்ட முதுமையோடு வாழ்வாரைப் பேணுவது வேறு. பின்னதற்குரிய மருத்துவம் உலகெங்கணும் மிகப் பிந்தியே தோன்றியது.

மலையேறிய நோயாளர்

கொடைக்கானல் என்னும் ஊர் நோயாளர்க்கென்றே தோன்றியது என்பதை நம்மில் பலர் அறியார். 1821-ஆம் ஆண்டில் வார்டு என்னும் படைத்துறை அதிகாரி இம்மலையை அளந்து குறிப்பெழுதினார். 1834-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தினின்று அமெரிக்கப் பாதிரிமார் மதுரைக்கு வந்து தங்கினர். சமவெளியின் காய்ச்சலும் பேதியும் அவர்களை வாட்டின. மனைவியரையும் மக்களையும் பலர் இழந்தனர். ஓய்விடம் தேடி முதலில் சிறுமலையை நாடினர். அங்கும் காய்ச்சல் விட்டபாடில்லை. பின்னரே பழனி மலையின் உச்சிப்பகுதிக்கு ஏறி, 1845-ஆம் ஆண்டில் 'சன்னிசைடு', 'ஷெல்டன்' என்னும் இரண்டு வீடுகளைக் கட்டினர். அவ்விரு வீடுகளே இன்றைய கொடைக்கானலின் வித்து. மதுரைக் கலெக்டராயிருந்த வியர் ஹென்றி லெவிஞ்சு துரை 1863-ஆம் ஆண்டில் ஓடையை மறித்து ஏரி அமைத்தார். அலுவலினின்று ஓய்வு பெற்றபின் இம்மலையையே தம் உறைவிடமாகவும் கொண்டார்.

அக்காலத்தில் மலைக்கு வண்டிப் பாதையில்லை. 1875-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை அம்மையநாயக்கனூரைத் தொட்டது. அங்கிருந்து மாட்டுவண்டியில் பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம நாயக்கன் தோப்பிற்குச் சென்று, அதன்மேல் ஏறக்குறைய 12 மைல் தூரம் செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் ஏறுதல் வேண்டும். திடமுள்ளோர் நடந்தனர், சிலர் மட்டக்குதிரை மீது சென்றனர், நோயாளரும் முதியோரும் மூங்கிற் கழிகள் பிணித்த நாற்காலியில் அமர, கூலியாட்கள் தோளில் சுமந்து ஏறினர். 1914-ஆம் ஆண்டை ஒட்டி மலைச்சாலை முற்றுப்பெற்ற பின்னரே சக்கரம் உச்சியை அடைந்தது.

இவ்வரலாற்றில் நாம் கருதற்பாலன இரண்டு. முதலாவது, அயலார்க்கு இம்மலை நலம் பயந்தது காற்றினால் மட்டுமன்று. அவர்களோடு வைத்தியரும் வந்தனர். சமையலாளும் பணியாளும் வந்தனர். வேனிற்காலத்தில் நண்பர் குடும்பங்கள் ஒருங்கு கூடின. மதுரையில் பெரும்பணி புரிந்த பிராங்க் வான் ஆலன் என்னும் அமெரிக்க வைத்தியர் பெயரால் கொடைக்கானலில் மருத்துவமனையொன்றும் எழுந்தது. காற்றும், வைத்தியரும், உறவும் மூன்றும் ஒருங்கு சேர்ந்தமையாலேயே நோயாளர் தேறினர். இவற்றுள் முதலாவதை மட்டும் நாம் கண்டு, ஏனை இரண்டையும் காணாதொழிவது பிழையாகும்.

இரண்டாவது, நாற்காலியில் அமர்ந்தவர் பெயர்கள் நூல்களில் உள்ளன. நாற்காலியைச் சுமந்தவர் பெயர்கள் எங்கும் இல்லை. ஆண்டுதோறும் பிறருடைய முதுமையைத் தோளில் ஏற்றிச் சென்ற அவர்கள் முதியராகித் தளர்ந்தபோது அவர்களைச் சுமந்தவர் யாவர்? இவ்வினாவிற்கு விடை கூறப் பின்னர் வருவோம்.

கஞ்சித்தொட்டி கூறும் பாடம்

மலையை விட்டுச் சிறிது சென்னைப் பட்டினத்திற்குச் செல்வோம். முதியோர் இல்லம் என்பது மேனாட்டார் வழக்கமென்றும், அது நம் நாட்டிற்குப் புதிதென்றும் பலர் உரைக்கின்றனர். அவ்வுரை முழுதும் பொருந்தாது. 1782-ஆம் ஆண்டில் சென்னையில் பஞ்சம் நேர்ந்தபோது பசித்தோர்க்குக் கஞ்சி வார்க்க ஏற்பட்ட அறம் 'மணியக்காரர் சத்திரம்' என வழங்கலாயிற்று. பஞ்சம் நீங்கியும் போக்கிடமின்றி நின்றோர் பலர். அவருள் முதியோரும் பிணியாளரும் மிகுந்தனர். கஞ்சி மட்டும் அவர்க்குப் போதாமையின் அச்சத்திரத்தை ஒட்டி மருத்துவச்சாலை எழுந்தது. அதுவே வளர்ந்து இன்று ஸ்டான்லி மருத்துவமனையாய் நிற்கின்றது. முதியோர் பலர் அதனை இன்றும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே கூறுவர். சத்திரமும் முதியோர் இல்லமாகத் தொடர்ந்து நடைபெறுகின்றது.

இதனால் விளங்குவது யாது? சோறிட்ட இடத்தில் மருந்தும் வேண்டியதாயிற்று என்பதே. வயிற்றுப் பசிக்கு அறம் தொடங்கினோர், ஓராண்டிற்குள்ளாயினும் பத்தாண்டிற்குள்ளாயினும், பிணியை எதிர்ப்படாமல் இருந்திலர். இன்று இல்லம் அமைக்க எண்ணும் நாம் இதனை இல்லம் கட்டிய பின்னர்க் கற்றல் தகாது. கட்டுதற்கு முன்னரே கற்றல் வேண்டும்.

முதியோர் மருத்துவம் தோன்றிய வரலாறு

குழந்தைகட்குத் தனி மருத்துவம் உண்டென்பதை உலகம் நெடுநாளாய் ஒப்பியிருந்தது. முதியோர்க்கும் தனி மருத்துவம் வேண்டுமென்று கூறி, அதற்கு ஒரு பெயரும் இட்டவர் அமெரிக்காவில் வாழ்ந்த நாஷர் என்னும் வைத்தியர். அஃது 1909-ஆம் ஆண்டில். எனினும் அக்கருத்தைச் செயலிற் காட்டியவர் மார்ஜரி வாரன் என்னும் ஆங்கில அம்மையார். 1935-ஆம் ஆண்டில் இலண்டன் நகரை அடுத்த மருத்துவமனையொன்றில் அவர் பணியாற்றியபோது, பக்கத்திலிருந்த ஏழையர் விடுதியின் நோயாளர் எழுநூற்றுவர்க்கு மேற்பட்டோர் அவர் பொறுப்பில் வந்தனர். பலர் ஆண்டுக்கணக்காய்க் கட்டிலிலேயே கிடந்தவர். 'இனி எழார்' என்று முடிவு கட்டப்பட்டவர். அம்மையார் அவர்களை ஒவ்வொருவராய்ச் சோதித்தார். இன்னார்க்கு இன்ன நோய் என வகைப்படுத்தினார். எழக் கூடியோரை எழுப்பி நடை பயிற்றினார். சுவருக்கு வண்ணம் பூசினார். வெளிச்சம் வரச் செய்தார். எழாரெனக் கைவிடப்பட்டோருள் பலர் நடந்து தம் இல்லம் சென்றனர்.

அன்பர்களே! கட்டிலிற் கிடத்தல் முதுமையின் இயல்பு என்று நாம் எண்ணுகின்றோம். அது பெரும்பாலும் நாமே முதியோர்க்கு விதித்த தண்டனை என்பதை அவ்வம்மையார் மெய்ப்பித்தார்.

இக்கலையை இங்கிலாந்தில் பயின்ற டாக்டர் வ. செ. நடராசன் 1978-ஆம் ஆண்டில் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் முதியோர்க்கெனத் தனிப் புறநோயாளர் பகுதியைத் தொடங்கினார். 1996-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறைக்கு முதுநிலைப் பட்டப் படிப்பும் ஏற்பட்டது. இந்நாட்டில் முதியோர் மருத்துவத்திற்கு வித்திட்ட பெருமை தமிழகத்திற்கே உரியது. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னைக் கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது.

மறதி நோயும் மனநோயும்

உடற்பிணி கண்ணுக்குப் புலனாகும். உள்ளத்தின் பிணி அவ்வாறு புலனாகாது. 1906-ஆம் ஆண்டில் ஜெர்மானிய வைத்தியர் அல்சைமர், மறதியும் மயக்கமும் மிக்கு இறந்த ஒரு பெண்மணியின் மூளையை ஆராய்ந்து, அதில் தோன்றிய மாறுதல்களை உலகிற்கு அறிவித்தார். மறதி நோய் முன்வினைப் பயனுமன்று, பேய்க்கோளுமன்று; மூளையைப் பற்றும் நோயே என்பது அதனால் நிலைபெற்றது. 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, இந்திய நாட்டில் 60 வயது கடந்தோருள் நூற்றுக்கு 7 பேர்க்கு மேல் இந்நோயுடையர் என்றும், அவர் தொகை ஏறத்தாழ 88 இலட்சம் என்றும் மதிப்பிட்டது.

ஈண்டு எம் குடும்பத்து நிகழ்ச்சியொன்றைக் கூற அன்பர்கள் இசைவார்களாக. எம் அன்னையின் தமக்கையாராகிய பெரியம்மையார் கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டங்களின் நடுவே உள்ள சிற்றூரில் வாழ்ந்தவர். எழுதப் படிக்க அறியாதவர். எனினும் எவ்வாண்டு எத்தனை மூட்டை காப்பி, எத்தனை தார் மலைவாழை விற்றதென்பதை வாயாற் கூறவல்லவர். எழுபது வயதைக் கடந்தபின் குழம்பிற்கு இருமுறை உப்பிட்டார். பின்னர் மகனை இறந்த தம்பியின் பெயரால் அழைத்தார். இரவில் தம் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்துகொண்டு, 'வீட்டுக்குப் போகவேண்டும்' என அழுதார். உறவினர் குறி கேட்டனர்; கயிறு கட்டினர்; வேப்பிலை அடித்தனர். ஒன்றாலும் பயன் விளையாமையின், மலையின்மேல் பூந்தோட்டத்தின் நடுவே அழகுற அமைந்த ஓர் இல்லத்தில் பணம் கட்டிச் சேர்த்தனர். சேர்க்கலாம் என்று கூறியவருள் யாமும் ஒருவர்.

மூன்று திங்கள் கழித்துக் காணச் சென்றோம். வெளியே மலர்கள் பூத்திருந்தன. உள்ளே பெரியம்மையார் கட்டிலோடு துணியாற் பிணிக்கப்பட்டிருந்தார். இரவில் எழுந்து நடக்கின்றார் என்பது அவர் செய்த குற்றம். உறங்குதற்கு மாத்திரை கொடுத்திருந்தனர். முதுகில் படுக்கைப் புண். வைத்தியர் எப்போது வருவாரெனக் கேட்டோம். அழைத்தால் வருவார் என்றனர். அழைத்ததுண்டோ என்றோம். விடையில்லை. அங்கிருந்த பணிப்பெண்கள் கொடியவரல்லர்; அவர்கட்கு ஒருவரும் ஒன்றும் கற்பித்திலர். பூந்தோட்டத்தைப் பார்த்து மயங்கிய எம்மினும் அவர்கள் குற்றம் சிறிதே.

மதுரைக்குக் கொண்டுவந்து மனநல வைத்தியரிடம் காட்டினோம். மறதி நோய் உண்மையே. ஆயின் அதன்மேல் வேறு மூன்று இடர்களும் ஏறியிருந்தன என்றார். சிறுநீர்த் தொற்று ஒன்று. காது அடைத்துக் கேளாமை ஒன்று. உறக்க மாத்திரை விளைத்த மயக்கம் ஒன்று. இம்மூன்றும் நீக்கற்பாலன, நீங்கவே, பாதி பித்தம் நீங்கியது போலாயிற்று. மகன் பெயரை அவர் மீண்டும் கூறினாரல்லர். ஆனால் காப்பிப் பழத்தை முறத்திலிட்டு முன்வைத்தால், பச்சை வேறு, பழம் வேறு, கருகியது வேறெனப் பிழையின்றிப் பிரித்துக்கொண்டு ஒரு நாழிகை அமைதியாய் அமர்ந்திருப்பார். அவ்வாறு பதினோரு திங்கள் தம் வீட்டிலேயே இருந்து காலமானார்.

இந்நிகழ்ச்சியால் யாம் கற்றதை இல்லறத்தார் அனைவரும் அறிதல் நன்று. முதியோர் உள்ளத்தில் தோன்றும் மாறுபாடு மூவகைத்து. ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது மறதி நோய். இதனை முற்றும் நீக்கும் மருந்து இன்றுமில்லை. ஆயினும் துன்பத்தைக் குறைக்கலாம். சில வாரங்களில் தோன்றி உணவையும் உறக்கத்தையும் பேச்சையும் குறைப்பது மனச்சோர்வு. இது பெரும்பாலும் மருந்தாலும் ஆதரவான பேச்சாலும் நீங்கும். வயதாயிற்று, அப்படித்தான் இருப்பார் எனக் கூறி இதனை விட்டுவிடுதல் பெரும்பிழை. சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில் திடீரெனத் தோன்றுவது குழப்பம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, உடலில் நீரும் உப்பும் குறைதல், புதிய மருந்து முதலியன இதற்குக் காரணமாகும். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். எவ்வகையாயினும் வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டு வைத்தியரிடம் காட்டுதல் முதற்கடமை.

கட்டி வைத்தல் எவ்வளவு கொடிது என்பதை இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி நமக்குக் கற்பித்தது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள், அங்குக் காப்பகம் ஒன்றில் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியாற் பிணித்தலை முற்றும் விலக்கியது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் அம்மையார் 1984-ஆம் ஆண்டில் தோற்றுவித்த ஸ்கார்ப் நிறுவனமும், மதுரையில் 1992-ஆம் ஆண்டில் தோன்றிய எம். எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும், மனநோயாளரை அடைத்து வையாது மக்களிடையே வைத்துப் பேணும் நெறியைத் தமிழகத்திற் பரப்பின.

மலையிறங்கும் முதியோர்

இனி, முன்னர் நிறுத்திய வினாவிற்கு வருவோம். கொடைக்கானலின் கீழே, அப்பழைய ஒற்றையடிப் பாதையின் மீதே, வெள்ளகவி என்னும் சிற்றூர் உள்ளது. கொடைக்கானலினும் முதுமை வாய்ந்தது அவ்வூர். ஊரினுள் காலணி அணிந்து நடவாத மரபினர் அவ்வூரார். துரைமார் வழியாகப் பயன்கொண்ட பாதை, புதிய சாலை வேறிடத்தில் அமைந்தபின், அவ்வூரார்க்கு மட்டும் உரிய பாதையாயிற்று. சாலை உச்சியை அடைந்து நூறாண்டு சென்றபின்னும் அவ்வூர் நோயாளரும் முதியோரும் கழியில் கட்டிய டோலியில் உறவினர் தோளிலேயே வந்தனர். பெரியகுளம் பக்கத்துச் சின்னூர், பெரியூர் முதலிய மலையூர்களின் நிலையும் அத்தகையதே. ஆற்றில் வெள்ளம் வந்தால் டோலியும் கரையில் நிற்கும்.

நாற்காலி மலையேறியது; டோலி மலையிறங்குகின்றது. முன்னதில் அமர்ந்தவர் நலம் தேடி உயரச் சென்றார். பின்னதிற் கிடப்பவர் உயிர் தேடித் தாழ வருகின்றார். சுமப்பவர் மட்டும் மாறவில்லை.

பழனியில் மலைக்கோயிற்குப் படியேறமாட்டாத முதியோர்க்கென 1966-ஆம் ஆண்டில் விஞ்சு என்னும் இழுவை வண்டியும், 2004-ஆம் ஆண்டில் ரோப் கார் என்னும் கம்பிவட ஊர்தியும் ஏற்பட்டன. இறைவன் திருமுன் முதியோரைச் சேர்ப்பதற்கு நாம் வழி கண்டோம். மருந்தை முதியோர் முன் சேர்ப்பதற்கு வழி காணுதல் அதனினும் அரிதோ? அவ்வழிக்கும் தொடக்கம் உண்டு. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தமிழக அரசினர் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தின்படி, இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் உரிய மருந்துகள் இல்லந்தோறும் கொண்டுசென்று கொடுக்கப்படுகின்றன. படுக்கையிற் கிடப்போர்க்கு வலிநீக்கும் பராமரிப்பும் உடற்பயிற்சியும் அளிக்கப்படுகின்றன. முதியவர் மருந்தைத் தேடிச் செல்லாமல் மருந்து முதியவரைத் தேடி வருதலே உரிய நெறி.

கொடைக்கானல் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றின் அழுத்தம் சமவெளியினும் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் குறைவு. இளையோர் அதனை உணரார். இருதய நோயும் நுரையீரல் நோயும் உடைய முதியோர் உணர்வர். குளிரால் இரத்த அழுத்தம் ஏறும். முதிய உடல் குளிரை விரைவில் அறியாது. அறிவதற்குள் வெப்பம் இழந்துவிடும். கடும்பிணி நேர்ந்தால் தேனிக்கோ, 2022-ஆம் ஆண்டில் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட திண்டுக்கல்லுக்கோ, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக்கோ மலைவளைவுகளைக் கடந்து இறங்குதல் வேண்டும். இம்மலையிலேயே பிறந்து வளர்ந்த முதியோர்க்கு இக்காற்று தாய்ப்பால் போன்றது; அவரை இறக்குதல் தகாது. சமவெளியிற் பிறந்து எழுபது வயதில் ஏற்றப்படுவோர்க்கோ அஃது ஒரு சோதனையேயாம்.

சட்டமும் கடமையும்

முதியோர் நிலை அறத்தை மட்டும் பற்றி நிற்பதன்று. இன்று அது சட்டத்தையும் பற்றி நிற்பது. தமிழகத்தில் ஆதரவற்ற முதியோர்க்கு உதவித் தொகை 1962-ஆம் ஆண்டில் திங்களுக்கு 20 ரூபாயாகத் தொடங்கிற்று. 2023-ஆம் ஆண்டில் அஃது 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டத்தின்படி, தம்மைப் பேணாத மக்கள்மீது பெற்றோர் கோட்டாட்சியரிடம் முறையிடலாம், வக்கீல் வேண்டுவதில்லை. நம் பகுதியில் பழனியிலும் கொடைக்கானலிலும் கோட்டாட்சியர் அலுவலகங்கள் உள்ளன. மக்களில்லாத முதியோர்க்கு, அவர் சொத்தை எய்துதற்குரிய உறவினர் பொறுப்பாவர். பேணுவதாக உடன்பட்டுச் சொத்தை எழுதி வாங்கிப் பின் கைவிட்டாரேல், அவ்வெழுத்தைச் செல்லாததாக்கவும் அச்சட்டம் இடந்தருகின்றது. அரசினர் மருத்துவமனைகளில் முதியோர்க்குத் தனி வரிசை வேண்டுமெனவும் அது விதித்துள்ளது. இவற்றை நம் இல்லங்களிலுள்ள முதியோர் அறியார். அறிவிக்க வேண்டுவது நம் கடமை. ஆயினும் சட்டம் சோற்றை வாங்கித் தரும். அருகிருந்து ஊட்டும் கையை வாங்கித் தராது.

முடிவுரை

2011-ஆம் ஆண்டின் குடிமதிப்பின்படி தமிழகத்தில் நூற்றுக்குப் பதின்மர்க்கு மேற்பட்டோர் 60 வயது கடந்தவர். பிள்ளைகள் அயலூரிலும் அயல்நாட்டிலும் பிழைக்கச் செல்லும் இக்காலத்தில், முதியோர் இல்லமே வேண்டாவென்று யாம் கூறோம். பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பவர் எல்லாரும் அன்பற்றவர் என்று பழிப்பதும் முறையன்று. பேணுவார் தனியொருத்தியாய் இரவும் பகலும் உழன்று நோயுறுதலையும் யாம் கண்டுள்ளோம். நாம் வேண்டுவது இல்லமா, வீடா என்னும் வாதமன்று. பேணுதல் உண்டா, இல்லையா என்னும் ஆராய்ச்சியே.

ஆதலின் கொடைக்கானலில் நிலம் வாங்குமுன் நம் சங்கத்தார் ஐந்து வினாக்களுக்கு விடை காண்பாராக. நோய் முற்றினால் ஒரு மணி நேரத்தில் எந்த மருத்துவமனையை அடையலாம்? அழைத்தால் வருபவராயன்றி, அழையாமலே வாரந்தோறும் வரும் வைத்தியர் யாவர்? இரவில் விழித்திருக்கும் செவிலியர் உளரா? மறதி நோயையும் மனச்சோர்வையும் அறிந்து நடத்தும் பயிற்சி பணியாளர்க்கு எங்கே அளிக்கப்படும்? பகற்பொழுதில் முதியோர் கைகட்கு வேலை யாது? இவ்வைந்திற்கும் விடை கிடைப்பின் இல்லம் மலையிலாயினும் சமவெளியிலாயினும் தழைக்கும். கிடையாவிடில் வத்தலக்குண்டிலோ திண்டுக்கல்லிலோ, வைத்தியர் அணுகக்கூடிய இடத்தில், சிறியதோர் இல்லமே போதும்; எஞ்சிய பொருளைக் கொண்டு ஊர்தோறும் முதியோர் வீடுகளுக்கே சென்று பேணும் செவிலியர் இருவரை நியமித்தல் அதனினும் சிறந்தது என்பது எம் கருத்து.

உணவும் விளக்கும் வைத்து மூடிய தாழி நம் முன்னோர் செய்ததன்று எனக் கண்டோம். அதனை நாம் செய்யாதிருத்தல் வேண்டும். எம் பெரியம்மையாரைக் கண்ணாற் கண்டு கற்றமையின் இவ்வளவும் எழுதத் துணிந்தோம். பிழையிருப்பின் பெரியோர் பொறுத்துத் திருத்துவாராக. பொருந்துமெனின் வரும் கூட்டத்தில் ஆராய்ந்து முடிவு செய்வாராக.